எதிர்ப்பு மரபணுக்களும் மார்பகப் புற்றுநோயும்: அந்த மூன்று சிவப்புக் கட்டங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அம்மாவுக்கு 52 வயதில் டிரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் அக்கா எச்சில் மாதிரி அனுப்பி ஒரு டி.என்.ஏ. பேக்கேஜ் எடுத்துப் பார்த்திருக்கிறார். வந்த அறிக்கையில் டி.என்.எஃப்., ஐ.எல்.6, சி.டி.எல்.ஏ.4 என்ற மூன்று எதிர்ப்புச் சக்தி மரபணுக்களுக்கு நேரே சிவப்புக் கட்டம். பக்கத்தில் "எதிர்ப்புச் சக்தி பலவீனம், மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகம்" என்று ஒரு வரி. இது உண்மையா, எதிர்ப்புச் சக்தி மரபணுக்களால் இந்த நோய் வருமா, வந்த பிறகு அதன் போக்கை அவை மாற்றுமா, மகள்கள் இருவரும் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய் மரபியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று கட்டங்களை வைத்து நீங்களோ அக்காவோ எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நோய் வருமா வராதா என்பதில் இந்த மரபணுக்களுக்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது. எந்த வகை நோய் வருகிறது, வந்தது எப்படி நடந்துகொள்கிறது, கொடுக்கும் மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் பங்கு கொஞ்சம் பெரிது. அறிக்கை எழுதியவர்கள் இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள்.

முதலில் 'மாறுபாடு' என்ற சொல். டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் வரும் கெட்ட பிறழ்வு, சக்கரத்தில் பல் உடைந்த மாதிரி. அந்தப் புரதம் ஒழுங்காக வேலை செய்யாது. அதைச் சுமக்கும் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எதிர்ப்பு மரபணுக்களில் நாம் பேசும் மாறுபாடு இந்த ரகம் இல்லை. டி.என்.எஃப். மரபணு படிக்கப்படத் தொடங்கும் இடத்துக்கு 308 டி.என்.ஏ. எழுத்து முன்னால் பெரும்பாலானவர்களுக்கு 'ஜி' இருக்கும், சிலருக்கு 'ஏ' இருக்கும். ஐ.எல்.6-இல் 174 எழுத்து முன்னால் 'ஜி' அல்லது 'சி'. எது இருந்தாலும் புரதம் உருவாகும், வேலையும் செய்யும். உற்பத்தி சற்றுக் கூடலாம் அல்லது குறையலாம், அவ்வளவுதான். ரத்த வகை ஆளுக்கு ஆள் மாறுகிறதே, அது போன்ற சங்கதி. ஏ வகை ரத்தக்காரரைப் பார்த்து "உங்களுக்குப் பழுது" என்று யாரும் சொல்வதில்லை. தெருவில் போகிற பத்துப் பேரின் எச்சிலை அதே பேக்கேஜுக்கு அனுப்பினால், பத்துப் பேருக்கும் ஏதாவது இரண்டு கட்டமாவது சிவப்பாக வரும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் அந்த அறிக்கைக்கு ஆதாரமே இல்லையா? இருக்கிறது. அதுதான் சிக்கலே.

1990-களின் கடைசியிலும் 2000-களிலும் உலகம் முழுக்க ஏராளமான ஆய்வகங்கள் இந்த மாதிரி எழுத்து மாறுபாடுகளைத் தேடின. நூற்றைம்பது நோயாளிகள், நூற்றைம்பது ஆரோக்கியமான பெண்கள், நாலைந்து மரபணுக்கள் என்று எடுத்துக்கொண்டு யாரிடம் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணுவார்கள். வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் 'தொடர்பு உண்டு' என்று எழுதலாம் என்பது வழக்கம். ஆனால் ஒருவர் இருபது மாறுபாடுகளைச் சோதித்தால், அதில் ஒன்று தற்செயலாகவே தேறிவிடும் அல்லவா? தேறியது பத்திரிகையில் வரும், தேறாத பத்தொன்பது மேசை டிராயரில் தூங்கும். டி.என்.எஃப்., ஐ.எல்.6, ஐ.எல்.10, சி.டி.எல்.ஏ.4 எல்லாவற்றுக்கும் இந்தக் கதைதான். ஒரு ஆய்வு ஆபத்து கூடும் என்றால் அடுத்தது குறையும் என்றது, மூன்றாவது ஒன்றுமே இல்லை என்றது.

இன்னொரு கோளாறும் உண்டு. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே திருமணம் நடந்து வந்திருப்பதால், இந்த எழுத்துகளின் விகிதம் சமூகத்துக்குச் சமூகம் மாறும். நோயாளிகள் ஒரு வட்டாரத்திலிருந்தும் ஒப்பிடுவதற்கு எடுத்தவர்கள் இன்னொரு வட்டாரத்திலிருந்தும் வந்திருந்தால், நோய்க்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் சம்பந்தம் இருப்பது போல் கணக்கு காட்டும். நானே ஒரு தடவை இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன். மூன்று மாத வேலையைத் தூக்கிப் போட வேண்டி வந்தது.

இதற்கு மாற்றாகத்தான் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் மாதிரிகளை ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான அந்தக் கூட்டமைப்பு 2007-இல், ஏற்கெனவே 'தொடர்பு உண்டு' என்று பேசப்பட்ட ஒன்பது மாறுபாடுகளை எடுத்து மறுபடி சோதித்தது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 11,000 நோயாளிகள், சிலவற்றுக்கு 18,000 வரை. ஒன்பதில் தேறியது இரண்டு. ஒன்று காஸ்பேஸ்-8. எதிர்ப்புச் செல்கள் ஒரு செல்லுக்கு 'செத்துப்போ' என்று கொடுக்கும் உத்தரவை உள்ளே நிறைவேற்றுகிற புரதம் இது. அம்மா, அப்பா வழியாக வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் அதன் ஒரு மாறுபாடு இருந்தால் ஆபத்து சுமார் 11 சதவீதம் குறைந்தது. இன்னொன்று டி.ஜி.எஃப்.-பீட்டா1. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைப்பதும் இதன் வேலைகளில் ஒன்று. அங்கே சுமார் 7 சதவீதம் கூடியது, அதற்கும் சான்று அவ்வளவு வலுவில்லை என்று அவர்களே எழுதினார்கள்.

அப்புறம் 2016-இல் இன்னும் பெரிதாக, நேராக உங்கள் கேள்விக்கே பதில் தேடுவது போல் ஒரு கணக்கு வந்தது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் பாதைகளில் உள்ள 133 மரபணுக்கள், அவற்றில் 3,595 மாறுபாடுகள். ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில் 42,510 நோயாளிகள், நோயில்லாத 40,577 பேர். இவ்வளவு பெரிய வலையை வீசியதில் சிக்கிய தனி மாறுபாடுகளில் வலுவானது ஸ்டாட்-3 மரபணுவின் வட்டாரத்தில் இருந்தது. அது கூட்டிய ஆபத்து, ஒரு பிரதிக்கு 5 சதவீதம்.

இந்த 5 சதவீதத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆயிரம் பெண்களில் 30 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தைச் சுமக்கிற ஆயிரம் பேரை எடுத்தால் 31 அல்லது 32 பேருக்கு வரும். தினமும் 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரு சின்ன கிளாஸ் ஒயின் குடிப்பதே ஆபத்தை 7 சதவீதம் போலக் கூட்டுகிறது. அதற்கு யாரும் எச்சில் டெஸ்ட் விற்பதில்லை.

சரி, 'எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் புற்றுநோய் அண்டாது' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். எச்.ஐ.வி. தொற்றும் எதிர்ப்புச் செல்களை அழிக்கிறது. எதிர்ப்புச் சக்திதான் மார்பகப் புற்றுநோயைத் தடுத்து நிறுத்துகிறது என்றால் இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் அது ஏராளமாக வர வேண்டும். எச்.ஐ.வி. உள்ள நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரையும், உறுப்பு மாற்று செய்துகொண்ட சுமார் 32,000 பேரையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஆய்வு 2007-இல் வெளிவந்தது. நிணநீர்ப் புற்றுநோய், கபோசி சர்கோமா, கருப்பைவாய்ப் புற்றுநோய் எல்லாம் கூடியிருந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஏதாவது ஒரு வைரஸ் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்? ஏறக்குறைய பொது மக்களிடம் உள்ள அளவுதான்.

எதிர்ப்புச் சக்தி மொத்தமாகப் படுத்துவிட்டவர்களுக்கே கூடாத ஒரு நோய், ஐ.எல்.6-இல் ஒரு எழுத்து மாறியதால் எவ்வளவு கூடிவிடப் போகிறது? சிவப்புக் கட்ட அறிக்கையோடு யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மார்பகப் புற்றுநோயில் பெரும்பங்கு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள வகை. தோலில் வரும் மெலனோமாவோடு ஒப்பிட்டால் அதில் டி.என்.ஏ. பிறழ்வுகள் குறைவு. எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படும்படி பெரிதாக எதையும் காட்டாமல், சத்தமில்லாமல் வளரும். காவலர் தூங்கினாலும் விழித்திருந்தாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

விதிவிலக்கு என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு, அது சுவாரசியமானது. 22-ஆம் குரோமோசோமில் அபோபெக்-3 என்ற மரபணுக் குடும்பம் இருக்கிறது. வைரஸ் உள்ளே வந்தால் அதன் மரபுப் பொருளில் எழுத்துகளை மாற்றிச் சின்னாபின்னமாக்குவது இந்தக் குடும்பத்தின் தொழில். சிலருக்கு இங்கே ஏறத்தாழ 29,500 எழுத்துகள் பிறவியிலேயே கிடையாது. 3பி மரபணு முழுக்கப் போய், அதன் வால் மட்டும் பக்கத்திலிருக்கும் 3ஏ-வோடு ஒட்டிக்கொள்கிறது. ஐரோப்பியரிடம் அரிது, கிழக்காசியரிடம் சாதாரணம், பசிபிக் தீவுகளின் மக்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான். ஷாங்காய்ப் பெண்களிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வெட்டு ஒரு பிரதியில் இருந்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 31 சதவீதமும், இரண்டிலும் இருந்தால் 76 சதவீதமும் கூடியிருந்தது. மலேசியாவில் மலாய், சீன, இந்தியப் பெண்களைச் சேர்த்துச் செய்த ஆய்விலும் 2016-இல் இந்தத் தொடர்பு தெரிந்தது. அங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால் நமக்கும் கொஞ்சம் பக்கத்தில் வரும் செய்தி. ஐரோப்பிய ஆய்வுகளில் முடிவு ஒரே மாதிரி இல்லை.

ஒரு மரபணு இல்லாமல் போனால் பிறழ்வு குறையத்தானே வேண்டும்? நடந்தது நேர்மாறு. 3பி-யின் வாலை ஒட்டிக்கொண்ட 3ஏ அதிக நேரம் நிலைத்து நின்று, வைரஸை விட்டுவிட்டு நம் டி.என்.ஏ.வையே கீறுகிறது. இந்த வெட்டு உள்ளவர்களின் கட்டிகளில் அந்தக் கீறல் தழும்புகள் கூடுதலாக இருப்பதை 2014-இல் காட்டினார்கள். கதை அங்கேயும் முடியவில்லை. கீறல் அதிகமுள்ள கட்டி எதிர்ப்புச் செல்களின் கண்ணில் எளிதாகப் படுகிறது. இவர்களின் கட்டிகளில் எதிர்ப்புச் செல்களின் நடமாட்டம் அதிகம் என்று இன்னொரு ஆய்வும் மலேசிய ஆய்வும் சொல்கின்றன. ஆக, நோய் வர வழி விட்ட அதே மாறுபாடு, வந்த நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. இதை அறிக்கையில் சிவப்பாகப் போடுவதா பச்சையாகப் போடுவதா?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நோயின் போக்கு. இங்கேதான் விஷயம் கனமாகிறது.

நம் உடலில் ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறும் மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள். இதுவரை 40,000-க்கு மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. உறுப்பு மாற்றத்துக்குப் 'பொருத்தம் பார்ப்பது' என்பது இவற்றைத்தான். இவற்றின் வேலை எளிது: ஒவ்வொரு செல்லும் தன் அடுப்பில் என்ன வேகிறது என்பதற்கு ஒரு துணுக்கு எடுத்துத் தட்டில் வைத்து வாசலில் காட்டும். எட்டு முதல் பத்துப் பதினோரு அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்கு. தெருவில் ரோந்து போகிற டி செல் என்ற எதிர்ப்புச் செல் தட்டைப் பார்த்துக்கொண்டே போகும். வழக்கமான சமையல் என்றால் நகர்ந்துவிடும், விபரீதமாக ஏதாவது தெரிந்தால் அந்தச் செல்லைத் தீர்த்துக்கட்டும். எந்தத் துணுக்கு யாருடைய தட்டில் உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது எச்.எல்.ஏ. வடிவம். என் தட்டில் உட்காரும் துணுக்கு உங்கள் தட்டில் வழுக்கி விழலாம்.

இதை மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பார்த்து 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா கர்ட்டிஸின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. சமீப வருடங்களில் இந்தத் துறையில் வந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 5,870 கட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஹெர்2 வகைப் புற்றுநோயில் நடப்பது என்னவென்றால், சாதாரணமாக ஒரு செல்லில் இரண்டு பிரதி இருக்கும், செல்லை வளரச் சொல்லும் ஏற்பியை உண்டாக்கும் ஹெர்2 மரபணு பத்து, இருபது என்று பெருகிவிடுகிறது. இந்த ஹெர்2 மரபணுவிலும் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே சின்னச் சின்ன எழுத்து வித்தியாசங்கள் உண்டு. ஒருவரின் ஹெர்2 எழுத்தும் அவருடைய எச்.எல்.ஏ. தட்டும் நன்றாகப் பொருந்தினால் நிறையத் துணுக்குகள் வாசலுக்கு வரும். சாதாரண அளவில் அது யார் கண்ணையும் உறுத்தாது. ஆனால் மரபணு பெருகத் தொடங்கிய அன்றே தட்டு நிரம்பி வழியும், டி செல் திரும்பிப் பார்க்கும், அந்தச் செல் சாகும். எனவே இப்படிப்பட்ட பெண்களுக்குப் புற்றுநோய் வந்தாலும் அது ஹெர்2 வழியில் வருவது குறைவு, வேறு வகையாகத்தான் வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகையிலேயே மூர்க்கமான மூன்று உட்பிரிவுகளுக்கும் இதே கணக்கு பொருந்தியது.

இதுவரை நல்ல செய்தி. மறுபாதியைக் கேளுங்கள். அந்தக் காவலையும் மீறி ஒரு பெண்ணுக்கு ஹெர்2 வகைப் புற்றுநோய் வந்தேவிட்டால், அது மற்றவர்களுக்கு வருவதைவிட மூர்க்கமாக இருந்தது. கட்டிக்குள் எதிர்ப்புச் செல்களின் நடமாட்டமும் குறைவாக இருந்தது. நெல் வயலில் வருடா வருடம் கையால் களை பறிக்கப் பறிக்க, கடைசியில் மிஞ்சுவது நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலிப் புல்தான் என்பது வயல் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். எளிதாக அடையாளம் தெரிந்த களையெல்லாம் போய்விட்டது. தப்பித்தது, கண்ணில் படாமல் நிற்கத் தெரிந்தது. ஒரே பிறவி மாறுபாடு நோய் வருமுன் கேடயமாக இருந்துவிட்டு, வந்தபின் கெட்ட கட்டியைப் பொறுக்கியெடுக்கும் சல்லடையாகிவிடுகிறது. இது இன்னும் எந்த மருத்துவமனையிலும் டெஸ்டாக வரவில்லை, வர நாளாகும். ஆனால் "ஆபத்து அதிகம்", "ஆபத்து குறைவு" என்று ஒரு மாறுபாட்டுக்கு நிரந்தரமாக ஒரு நிறம் பூச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அம்மாவின் வகைக்கு வருவோம். டிரிபிள் நெகட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 மூன்றும் இல்லை என்று பொருள். பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் எதிர்ப்பு மண்டலம் அதிகம் தலையிடும் வகையும் இதுதான். பயாப்ஸி ஸ்லைடைப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட், கட்டிக்குள் எவ்வளவு லிம்போசைட் (டி செல் போன்ற எதிர்ப்புச் செல்கள்) புகுந்திருக்கிறது என்று சதவீதக் கணக்கில் சொல்ல முடியும். டிரிபிள் நெகட்டிவ் வகையிலும் ஹெர்2 வகையிலும் அது கூடக் கூட விளைவு நன்றாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத வகையில் இது பொருந்தவில்லை. 3,771 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த 2018 ஆய்வில் அங்கே லிம்போசைட் அதிகம் இருந்தவர்களின் ஆயுள் சற்றுக் குறைவாகவே இருந்தது. 'எதிர்ப்புச் செல் அதிகம் என்றால் நல்லது' என்பதுகூட வகையைப் பொறுத்துத்தான்.

கட்டிக்குள் புகும் இந்தச் செல்களின் அளவில் பிறவி மரபணுக்களுக்குப் பங்கு உண்டா? உண்டு. 30 வகைப் புற்றுநோய்களில் 9,603 பேரின் தகவல்களை வைத்து 2021-இல் கணக்கிட்டார்கள். சில டி செல் வகைகளின் அளவு, எதிர்ப்புச் செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரான் சமிக்ஞை போன்ற சிலவற்றில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை பிறவி மரபணுக்களால் விளக்க முடிந்தது. மீதி கட்டியின் சொந்தக் குணம், வயது, மற்ற பல. ஒரே மரபணுவின் ஒரே எழுத்து அல்ல, நூற்றுக்கணக்கானவை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பங்கு இது.

எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள் இந்த வகையில் வேலை செய்வதும் இதனால்தான். உங்கள் அறிக்கையில் சிவப்பாக இருந்த சி.டி.எல்.ஏ.4 அப்படி ஒரு பிரேக். பி.டி.-1 இன்னொன்று. இந்தப் பிரேக்குகளை எடுத்துவிடுவதைப் புற்றுநோய்ச் சிகிச்சையாக்கலாம் என்று கண்டறிந்ததற்கு ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் கொடுத்தார்கள். ஆரம்ப நிலை டிரிபிள் நெகட்டிவ் நோயில், அறுவைக்கு முன் கீமோவோடு, பி.டி.-1 பிரேக்கை எடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 64.8 சதவீதம் பேருக்கு அறுவையின்போது கட்டி மிச்சமில்லாமல் போயிருந்தது. கீமோ மட்டும் எடுத்தவர்களில் அது 51.2 சதவீதம். ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 86.6, எதிரே 81.7 சதவீதம். கவனியுங்கள், இந்த மருந்து யாருக்கு என்று முடிவெடுக்க யாரும் சி.டி.எல்.ஏ.4 எழுத்தைப் பார்ப்பதில்லை. நோயின் நிலையையும் வகையையும் பார்க்கிறார்கள். விலை அதிகம், நம் ஊரில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

பிறவி மாறுபாடு மருந்தின் வேலையை மாற்றுகிறது என்பதற்கு இன்னும் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று ஹெர்2 வகைக்கான டிராஸ்டுசுமாப். இந்த ஆன்டிபாடி கட்டிச் செல்லில் போய் ஒட்டிக்கொண்டு, வாலை வெளியே நீட்டி நிற்கும். என்.கே. செல் என்ற எதிர்ப்புச் செல் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு கட்டிச் செல்லைக் கொல்லும். வாலைப் பிடிக்கும் கையின் மரபணுவில் மாறுபாடு இருப்பதால், அந்தக் கையின் 158-ஆம் இடத்தில் சிலருக்கு வேலின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு ஃபெனைல்அலனின். வேலின் கைக்குப் பிடி இறுக்கம். 2008-இல் 54 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, இரண்டு பிரதியும் வேலின் உள்ளவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றது. ஊரே பரபரத்தது. 2012-இல் சுமார் 1,200 பேரிடம் பார்த்தபோது ஒரு தொடர்பும் தெரியவில்லை. 2017-இல் இன்னொரு பெரிய சோதனையின் மாதிரிகளில் மறுபடி தெரிந்தது. இதற்குள் ஒரு நிறுவனம், பிடி தளர்ந்த கைக்கும் ஏற்ற மாதிரி வாலைத் திருத்தி மார்கெடுக்சிமாப் என்ற மருந்தையே செய்துவிட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 536 பேரிடம் நடந்த சோதனையில் நோய் முற்றாமல் இருந்த காலம் 4.9 மாதத்திலிருந்து 5.8 மாதமானது. ஆயுளை எடுத்துக்கொண்டால் மொத்தத்தில் இரண்டு மருந்துக்கும் வித்தியாசமில்லை. ஒரு எழுத்தை வைத்துக் கட்டிய கோட்டையின் கதி இவ்வளவுதான்.

இன்னொன்று பாரிஸுக்குப் பக்கத்தில் குஸ்டாவ் ரூசி மையத்தின் வேலை. ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோ கொன்ற செல்லிலிருந்து எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் வெளியே கசியும். டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி அதை முகர்ந்து டி செல்களை எழுப்பும். அதாவது கீமோ கட்டியைக் கொல்வதோடு நிற்பதில்லை, எதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவலும் கொடுக்கிறது. நிணநீர்க் கணு வரை பரவிய 280 நோயாளிகளில், இந்த முகரும் திறன் பிறவியிலேயே மங்கிய மாறுபாடு சுமார் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்கு நோய் சீக்கிரம் பரவியது என்று 2007-இல் எழுதினார்கள். எண்ணிக்கை சிறியதுதான், இதை வைத்து யாருக்கும் மருந்தை மாற்றுவதில்லை. ஆனால் கீமோவின் வேலையில் ஒரு பங்கை எதிர்ப்பு மண்டலம் செய்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் பலமாக வேர்விட்டது.

கடைசியாக, என்ன டெஸ்ட். 52 வயதில் டிரிபிள் நெகட்டிவ் என்றால் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, அதோடு பால்பி-2 போன்றவை அடங்கிய மரபணுப் பரிசோதனை அம்மாவுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும், உங்களுக்கோ அக்காவுக்கோ அல்ல. ரத்தம் கொடுத்து, மரபணு ஆலோசகர் வழியாகச் செய்வது. எச்சில் பேக்கேஜ்களில் பல, இந்த மரபணுக்களை முழுதாகப் படிப்பதில்லை. குறிப்பிட்ட சில எழுத்துகளை மட்டும் தொட்டுவிட்டு 'இல்லை' என்று சொல்லிவிடும். அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு இருந்தால் அவருடைய சிகிச்சையே மாறலாம். மறுபடி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஒரு வருடம் ஒலாபரிப் மாத்திரை கொடுப்பதால் பலன் உண்டு என்பது 2021-இல் நிரூபணமாயிற்று. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம், கீமோ முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அம்மாவிடம் பிறழ்வு இருந்தால், உங்கள் இருவருக்கும் தனித்தனியே பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த ஒரு பிறழ்வை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு இருப்பவருக்கு 25 வயதிலிருந்து எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து என்பது வழக்கமான பரிந்துரை. அம்மாவிடம் இல்லையென்றால் உங்களுக்கு அந்த டெஸ்ட் தேவையில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்திருப்பதால் மேமோகிராமை 40 வயதில் அல்லது அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது தொடங்குவார்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் அது 40.

அம்மாவின் ஃபைலில் இருக்க வேண்டியவை பயாப்ஸி அறிக்கை, ஏற்பிகளுக்கான ஐ.எச்.சி. அறிக்கை, அறுவைக்குப் பிந்தைய பேத்தாலஜி அறிக்கை, பி.ஆர்.சி.ஏ. முடிவு. லிம்போசைட் அளவு எழுதப்படாமல் இருந்தால் பேத்தாலஜிஸ்டிடம் கேட்கலாம், அதே ஸ்லைடில் பார்த்துச் சொல்லிவிடுவார், தனி டெஸ்ட் கிடையாது. அக்காவின் அறிக்கை அந்த ஃபைலில் வேண்டாம்.